சவிரியின் பைக்கை மலைக்குத் தயார்செய்த கதை

மோட்டார் சைக்கிள் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னைக் கண்டால், அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானா என்று கூப்பிட்டு, பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "நானா, உங்கட கையால செய்ததில பெரிய வேலை எது?" மன்னார் உப்புக்குளத்துக் கராஜை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டு நான் ஓய்ந்துவிட்டேன். ஆனாலும் காலைத் தேத்தண்ணியை அங்கே போய்க் குடிக்கும் பழக்கம் விட்டுப்போகவில்லை. அதனால் இந்தக் கேள்வியிலிருந்தும் தப்ப முடிவதில்லை. நீங்கள் எதிர்பார்ப்பது வேகமான பைக் ஒன்றின் கதை என்று எனக்குத் தெரியும். நான் சொல்லப்போவது மெதுவாக ஓடவேண்டியிருந்த பைக்கின் கதை. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சவிரி கடலோர ஓலைத்தொடுவாய்க்காரர். இளவயதில் மிதிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். பிறகு நோர்வேக்குப் போய், மீன் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் நீண்ட காலம் வேலை செய்து, தலை நரைத்த பிறகு மனைவி றீற்றாவோடு ஊருக்கே திரும்பிவிட்டார். வந்த கையோடு கொழும்பில் ஒருவரிடமிருந்து தூரப் பயணத்துக்கென்றே செய்த பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். இரண்டு சிலிண்டர்கள், இரண்டு பக்கமும் பெட்டிகள், பின்னால் இருப்பவருக்குச் சாய்மானம். அது மன்னார்ப் பட்டணத்துக்குள் வந்தால் பஸ்காரர்கூட ஒதுங்கி வழிவிடுவார். கழுதைகள் மட்டும்தான் விடமாட்டா.

அந்த பைக்கில் கியர் மாற்றுவது இடது காலால். நமக்குக் கணுக்கால் இருக்கிறது. பாதத்தை மட்டும் அசைத்தால் போதும். சவிரிக்கு இருந்தது செயற்கைக் கால். ஒவ்வொரு முறையும் தொடையிலிருந்து முழுக் காலையும் தூக்கி வைக்கவேண்டும். மன்னாரிலிருந்து மதவாச்சி வரைக்கும் தரை பலகைபோலக் கிடப்பதால் அவருக்குக் கஷ்டமில்லை. மேல் கியரில் போட்டுவிட்டு இருக்கலாம். ஆனால் அவருடைய ஆசை மலைநாட்டு நுவரெலியா. றீற்றாவைப் பின்னால் வைத்துக்கொண்டு இறம்பொடை வளைவுகளில் ஏறிப் போகவேண்டும் என்பது நோர்வேயில் பனிக்குள் இருந்த காலத்திலேயே அவர் வளர்த்த ஆசை.

ஒருமுறை போகவும் செய்தார். வளைவொன்றில் முன்னால் போன பஸ் வேகத்தைக் குறைத்திருக்கிறது. எஞ்சின் இழுக்க மாட்டாமல் நடுங்க, இவர் கியரைக் குறைக்கக் காலைத் தூக்க, கால் வழுக்கி, பைக் அப்படியே நின்று ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. றீற்றாவின் மணிக்கட்டு உடைந்தது. பைக் லொறியில் ஊர் திரும்பியது.

இந்தக் கதை எனக்குத் தெரியவந்தது, சவிரி ஒரு பெட்டியோடு கராஜுக்கு வந்த நாளில். பெட்டிக்குள் இரண்டு பெரிய பிஸ்டன்களும் பளபளக்கும் கேம்ஷாஃப்ட் சோடி ஒன்றும் இருந்தன. வெளிநாட்டில் சொல்லி எடுப்பித்திருந்தார்.

"நானா, சிலிண்டரைப் பெருப்பிச்சு இதுகளைப் பூட்டித் தாங்கோ. இதைவிடப் பெரிய கேம் இந்த எஞ்சினுக்கு இல்லையாம்," என்றார். புதுச் சட்டை போட்ட பிள்ளையின் முகம் அவருக்கு.

கேம்ஷாஃப்டோடு வந்த அட்டையை வாங்கிப் பார்த்தேன். உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். எஞ்சின் மூச்சு விடுவது வால்வுகளால். அவை எப்போது திறக்கவேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்கவேண்டும் என்று தீர்மானிப்பது கேம்ஷாஃப்ட். சவிரி கொண்டுவந்தது வால்வை நெடுநேரம் திறந்து வைத்திருக்கும் வகை. எஞ்சின் கடுமையாகச் சுழலும்போது அது சிங்கம். மெதுவாகச் சுழலும்போது பழைய கேமைவிடப் பலவீனம்.

"சவிரி, மலை ஏறேக்க நீங்க எஞ்சினை அலறவிட்டு ஏறுவீங்களா?"

"இல்லை நானா. பின்னால மனுசி இருக்கிறா. மெல்லமாத்தான்."

"கியரைக் குறைச்சுக் குறைச்சு ஏறுவீங்களா?"

அவர் தன் காலைப் பார்த்தார். 

"இது நல்ல கேம். உங்களுக்குரிய கேம் இல்லை. இதைப் போட்டா நீங்க இப்ப மாத்திறதை விடக் கூடக் கியர் மாத்தவேணும். பிஸ்டனை வைச்சுக்கொள்ளுவம். கேமைத் திருப்பி அனுப்பிப்போட்டு, கீழ் வேகத்திலயே இழுக்கிற கேம் ஒண்டு எடுப்பிப்பம்."

அவருடைய முகம் மாறிவிட்டது. "எல்லாரும் இதைத்தான் நல்லம் எண்டவை. நீங்க பூட்டமாட்டீங்களோ?"

"பூட்டமாட்டன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கிறேன். வாடிக்கையாளர் கேட்டதைப் பூட்டிக் கொடுப்பது சுலபம். பிழைத்தால் "நீங்கள்தானே கேட்டீர்கள்" என்று சொல்லித் தப்பவும் முடியும். ஆனால் அவர் நம்மிடம் வருவது கையை மட்டும் தேடி அல்ல. அவர் எந்தச் சாலையில், எந்த உடம்போடு, யாரைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓடுகிறார் என்று கேட்காமல் ஸ்பானரைத் தொடாதீர்கள். பெரிய எஞ்சின், பெரிய கேம் என்பதற்கெல்லாம் தனியாக அர்த்தம் இல்லை.

அடுத்த கிழமை றீற்றா வந்தார். தனியாக, பஸ்ஸில். கதிரையைத் துடைத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"நானா, நீங்க பூட்டமாட்டன் எண்டு சொன்னதால இவர் ரெண்டு நாள் சாப்பாட்டில கோபத்தைக் காட்டினவர். பிறகு என்ன நினைச்சாரோ, அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பிப்போட்டார். நீங்க சொன்ன கேமைச் சொல்லி எடுப்பிக்கிறாராம். உங்களிட்ட வந்து சொல்ல வெக்கமாக் கிடக்காம்."

"வெக்கப்பட என்ன இருக்கு? வரச்சொல்லுங்கோ."

"அது சரி. நான் வந்தது வேற விசயத்துக்கு." உடைந்து பொருந்திய கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். "அவர் கேட்டா நான் ஏறுவன். மாட்டன் எண்டா அவர் உடைஞ்சு போயிடுவார். ஆனா எனக்குப் பயமாக் கிடக்கு. உண்மையைச் சொல்லுங்கோ நானா. நான் திரும்ப ஏறலாமோ?"

ஓம் என்று சொல்லி அவருக்கு ஆறுதல் கொடுத்திருக்கலாம். வாய் வரை வந்துவிட்டது. "இப்ப என்னால சொல்லேலாது, தங்கச்சி," என்றேன். "எஞ்சினைச் செய்து முடிச்சு, உங்கட இடத்தில நான் இருந்து ஓடிப் பாக்கிறன். அதுக்குப் பிறகு ஓலைத்தொடுவாய்க்கு நானே வந்து சொல்றன். ஏறலாம் எண்டால் ஏறலாம். ஏலாது எண்டால் அதையும் சொல்லுவன். சவிரிக்கு முன்னாலயே."

அவர் அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தார். தேத்தண்ணியும் குடித்தார்.

வேலை தொடங்கியது. எப்படிக் கழற்றினேன், எப்படிப் பூட்டினேன் என்பதைச் சொல்லி உங்களைச் சலிக்கவைக்கப் போவதில்லை. எஞ்சின் கொள்ளளவு கூடுவதற்கான அனுமதியும் பதிவும் முதலில், ஸ்பானர் பிறகு என்பதை மட்டும் சவிரியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவர் ஒழுங்காகச் செய்து முடித்தார். சிலிண்டர்களைப் புத்தளத்தில் அகலப்படுத்தினோம். இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் நான் வேலை செய்த பட்டறை அது. கடைசல் எந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே அதன் குணத்தைச் சொல்லுவேன். சிலிண்டருக்குள் காற்றை நெருக்கும் அமுக்கத்தை எவ்வளவு வைப்பது என்பதில் மட்டும் நெடுநேரம் யோசித்தேன். கூட வைத்தால் இன்னும் பலம் வரும். ஆனால் உயர்ரகப் பெற்றோல் எல்லா ஊரிலும் கிடைக்காது. சாதாரணப் பெற்றோல் ஊற்றிய எஞ்சின் மன்னார் வெயிலில் சூடேறினால் நேரம் தப்பி வெடித்து உள்ளே தட்டத் தொடங்கும். அதனால் எந்த ஊர்ப் பெற்றோலை ஊற்றினாலும் தட்டாத அளவில் நிறுத்திக்கொண்டேன். காகிதத்தில் கொஞ்சப் பலம் போயிற்று. வீதியில் நிம்மதி வந்தது.

எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் முன்னமே புறப்படும் நாளைச் சவிரி குறித்துவிட்டார். கொழும்புப் பக்கத்திலிருந்து அவருடைய பயண நண்பர்கள் தங்கள் பெரிய பைக்குகளோடு முதல் நாளே வந்து பட்டணத்தில் தங்கியிருந்தார்கள். காலையில் எல்லோரும் கராஜ் வாசலில். ஓலைத்தொடுவாயிலிருந்து ஒரு வான் நிறையச் சொந்தக்காரர். பைக்கை ஆசீர்வதிக்கப் பங்குத்தந்தையும் வந்து, தீர்த்தச் செம்போடு நிழலில் நின்றார். றீற்றா வரவில்லை. ஓடிப் பார்த்துவிட்டு நான் போய்ச் சொல்லும்வரை அவர் வீட்டில் இருப்பதாக ஒப்பந்தம்.

எனக்குக் கடைசி வேலையொன்று மிச்சமிருந்தது. அந்த எஞ்சினில் கேமுக்கும் வால்வுக்கும் இடையே நான்கு தள்ளுகோல்கள். ஒவ்வொன்றின் அடியிலும் டெப்பட் என்கிற சிறிய உருளை. அதற்குள் எண்ணெய் இருக்கும். தள்ளுகோலை நீட்டி அளவு வைத்ததும் டெப்பட் மெல்ல மெல்ல அமுங்கித் தன் உயரத்துக்கு வந்துவிடும். வந்துவிட்டதா என்று அறிய வழி, தள்ளுகோலை விரலால் சுழற்றிப் பார்ப்பது. அமுங்கியிருந்தால் சுழலும். அமுங்காவிட்டால் வால்வைத் திறந்தபடி பிடித்துக்கொண்டிருக்கும், சுழலாது.

மூன்று சுழன்றன. நான்காவது சுழலவில்லை.

கொஞ்சம் பொறுப்போம் என்று தேத்தண்ணி சொல்லியனுப்பினேன். எல்லோரும் குடித்தார்கள். மறுபடி விரலை வைத்தேன். கல்லுப்போல நின்றது. இன்னும் பொறுத்தேன். வெயில் ஏறியது. வாசலில் சிரிப்புச் சத்தம் குறைந்து, கடிகாரம் பார்க்கிற சத்தம் தொடங்கியது.

நண்பர்களில் எஞ்சின் வேலை நன்றாகத் தெரிந்த ஒருவர் இருந்தார். குனிந்து பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் சொன்னார். "புது டெப்பட் சில நேரம் இப்பிடித்தான் நிக்கும் நானா. ஸ்டார்ட்டரை ஒருக்கா அமத்துங்கோ. எண்ணெய் ஓடினாத் தானா விட்டிடும்."

அவர் சொன்னது பொய்யில்லை. அப்படி விட்டதை நானும் கண்டிருக்கிறேன். அதுதான் சிக்கல். முட்டாள்தனமான யோசனையை மறுப்பது கஷ்டமில்லை. பெரும்பாலும் சரிவரக்கூடிய யோசனையை, வாசல் நிறையச் சனம் காத்திருக்கும்போது மறுப்பதுதான் கஷ்டம்.

சவிரி ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "நானா, அமத்துங்கோவன்."

"இல்லை சவிரி. இண்டைக்கு இது ஓடாது."

"என்ன சொல்றீங்க?"

"ஒரு தள்ளுகோல் சுழலேல்லை. ஏன் எண்டு தெரியாமல் நான் ஸ்டார்ட் பண்ணமாட்டன். திறந்து பாக்கவேணும்."

"இவ்வளவு பேர் வந்து நிக்கினம். ஒரு கோல் சுழலேல்லை எண்டு சொல்லி..." ஹெல்மெட்டை இருக்கையில் வைத்தார். "ஒற்றைக் காலோட ஒருத்தன் ஆசைப்பட்டான், முடியேல்லை எண்டு இவை ஊருக்குப் போய்ச் சொல்லட்டும் எண்டோ?"

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. ஆனாலும் சாவியை என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். "நாளைக்கு என்னோட கதையாதீங்க. பரவாயில்லை. இண்டைக்குச் சாவி தரமாட்டன்."

 பங்குத்தந்தை செம்பைக் கீழே வைத்தார். "அப்ப நான் பைக்கை விட்டிட்டு நானாவின்ர விரலை ஆசீர்வதிக்கிறன்," என்றார். சிலர் சிரித்தார்கள். சவிரி சிரிக்கவில்லை. வானில் ஏறிப் போய்விட்டார். நண்பர்கள் காத்திருக்க முடியாதவர்கள். குறித்த பாதையில் தெற்கே கிளம்பிவிட்டார்கள். கராஜ் வெறுமையானது.

எல்லோரும் போன பிறகு ஸ்பார்க் பிளக்குகள் கழற்றியபடியே இருக்க, கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மிக மெதுவாகச் சுழற்றினேன். ஓரிடத்தில் நின்றது. சத்தமில்லை, இடியில்லை, கதவு பாதியில் எதிலோ படுவதுபோல ஒரு மென்மையான தடை. வால்வு பிஸ்டனைத் தொட்டிருந்தது. கையால் சுழற்றியதால் தொட்டதோடு போயிற்று. ஸ்டார்ட்டர் சுழற்றியிருந்தால் வால்வு வளைந்திருக்கும். அல்லது அதைவிட மோசமாக, வளைந்தும் வளையாமலும் ஓடி, றீற்றா பின்னால் இருக்க, மலை வளைவில் வைத்து முறிந்திருக்கும்.

டெப்பட்டைக் கழற்றிப் பிரித்தேன். உள்ளே மூலையில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு உலோகச் சீவல். செய்த இடத்திலேயே உள்ளே தங்கி வந்தது. அது அமுங்கும் பகுதியை இறுக்கிப் பிடித்திருந்தது. அதை எடுக்காமல், இருந்தபடியே திரும்பப் பூட்டி வைத்தேன்.

மறுநாள் நானே ஓலைத்தொடுவாய்க்குப் போனேன். சவிரி கடலைப் பார்த்தபடி வலைக்காரர் பக்கத்தில் இருந்தார். நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. இரண்டு டெப்பட்டுகளைக் கொண்டுபோயிருந்தேன். ஒன்றை அவர் கையில் வைத்தேன்.

"பெருவிரலால அமத்துங்கோ."

அமுங்கியது.

மற்றதைக் கொடுத்தேன். அமுக்கினார். இரண்டு கையாலும் அமுக்கினார். அசையவில்லை. பிறகு அதைப் பிரித்து, உள்ளே இருந்த அந்தச் சீவலை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அதை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார்.

"நான் நேற்றுக் கதைச்சது..."

"விடுங்கோ. புது டெப்பட் வரட்டும். நாலையும் மாத்துவம்."

"நாலையுமோ?"

"ஒண்டு இப்பிடி வந்தால் மற்ற மூண்டையும் நான் நம்பமாட்டன்."

புதியவை வந்து சேரும்வரை சவிரி நாள்தோறும் கராஜுக்கு வந்தார். பூட்டும்போது ஒவ்வொரு டெப்பட்டையும் அவரே கழுவித் துடைத்து அமுக்கிப் பார்த்துத்தான் என் கையில் தந்தார். இந்தத் தடவை நான்கு தள்ளுகோல்களும் சுழன்றன. அவருடைய விரலையும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். வாசலில் சனம் இல்லை. ஸ்டார்ட்டரை அமுக்கினேன். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல? பழைய எஞ்சின் பேசிக்கொண்டிருந்த இடத்தில் புது எஞ்சின் நெஞ்சுக்குள்ளிருந்து முனகியது. எரிபொருள் அளவைச் சீர்செய்தோம். இதமாக ஓட்டிப் பழக்கினோம்.

பிறகு சோதனை. மன்னாரில் மலைக்கு எங்கே போவது? இரண்டு பெட்டிகளிலும் மண் மூட்டை வைத்தேன். பின்னால் நான் ஏறினேன். றீற்றாவைவிட நான் பாரம். பஸ் நிலையத்துப் பக்கம் கழுதைகள் வழக்கம்போல நடுவீதியில் அசைந்து போய்க்கொண்டிருந்தன.

"கியரைக் குறைக்காதீங்கோ. மூண்டாம் கியரிலயே இதுகளுக்குப் பின்னால போங்கோ."

"செத்துப்போகும் நானா."

"போகட்டும். போங்கோ."

மூன்றாம் கியரில், கழுதையின் நடைவேகத்தில், அந்தப் பாரத்தோடு ஊர்ந்தோம். பழைய எஞ்சின் என்றால் பல்லைக் கடித்து உதறியிருக்கும். இது ஒரே சீராக மூச்சுவிட்டது. கழுதைகள் விலகியதும், "இப்ப அக்சிலேட்டரைத் திறவுங்கோ," என்றேன். யாரோ பின்னாலிருந்து இரண்டு கைகளாலும் தள்ளியதுபோல பைக் முன்னேறியது. உதறல் இல்லை, தட்டல் இல்லை. சவிரி ஹெல்மெட்டுக்குள் என்னவோ கத்தினார். என்ன என்று கேட்கவில்லை. எனக்கும் கத்தவேண்டும் போலத்தான் இருந்தது. மன்னார்த் தீவுப் பாலத்தைத் தாண்டி நெடுந்தூரம் போய், நின்று, புறப்பட்டு, நின்று, புறப்பட்டுப் பார்த்தோம்.

திரும்பும்போது நேராக ஓலைத்தொடுவாய்க்கு விடச் சொன்னேன். றீற்றா வாசலில் நின்றார்.

"தங்கச்சி, ஏறலாம்," என்றேன்.

அவர் உள்ளே போய்ப் பயணப் பை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். அது முன்னமே அடுக்கி முடித்த பை.

அவர்கள் இருவருமாகத் தனியே போனார்கள். நண்பர்கள் இல்லை, வான் இல்லை. பங்குத்தந்தை மட்டும் வந்து பைக்கையும் அவர்களையும் ஆசீர்வதித்து அனுப்பினார். "ஸ்பானர் பெட்டியோட நீங்களும் பின்னால ஒரு வாகனத்தில வாங்கோவன் நானா," என்று சவிரி கேட்டார். மாட்டேன் என்றேன். மெக்கானிக் பின்னால் வந்தால் ஓட்டுகிறவரின் காது எஞ்சினிலேயே இருக்கும். அவர் கண் வீதியில் இருக்கவேண்டும்.

அனுப்பிவிட்டேனே தவிர, மனம் கராஜில் இருக்கவில்லை. அடுத்த நாள் மதியம் லுஹர் தொழுகை முடித்து வந்து உட்கார்ந்திருந்தபோது தொலைபேசி அடித்தது. றீற்றா. பின்னால் காற்றின் இரைச்சல்.

"நானா, ஏறிட்டம்!"

"அல்ஹம்துலில்லாஹ். எங்க நிக்கிறீங்க?"

"தேயிலைக்குள்ள. குளிருது. கேளுங்கோ, நாங்க விழுந்த அதே வளைவில திரும்பவும் ஒரு பஸ் நிண்டது. நான் கண்ணை மூடிட்டன். இவர் மெல்லமா நிப்பாட்டினார், பஸ் எடுக்க இவரும் எடுத்தார். நான் கண் திறந்து பாக்க அந்த வளைவு பின்னால கிடக்குது. பிறகு மேல வரைக்கும் கியர் மாத்தினமாதிரியே எனக்குத் தெரியேல்லை."

"எஞ்சின் தட்டினதா? சூடு?"

"எனக்கு என்ன தெரியும் நானா? நீங்களே கேளுங்கோ." தொலைபேசியை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்தார் போலும். நிதானமான, ஆழமான முனகல். அவ்வளவு உயரத்திலும் பிசகாத மூச்சு. மருமகனைக் கூப்பிட்டு அவன் காதிலும் வைத்தேன். கராஜில் நின்ற எல்லோரின் காதிலும் வைத்தேன்.

பிறகு றீற்றா மறுபடி பேசினார். குரல் தணிந்திருந்தது. சவிரி கொஞ்சம் தள்ளி நின்று பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"நானா, நான் இவரிட்டக் கேட்டன், இவ்வளவு தூரம் ஏறினீங்களே, கால் நோகுதோ எண்டு."

"என்னவாம்?"

"திரும்பிப் பாத்திட்டு, 'எந்தக் கால்?' எண்டு கேக்கிறார்."